கேட்டும் கிடைக்காதவை: நூலகர் வேலை, பயிற்சி, வளர்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தென்மாவட்டம் ஒன்றில், அரசு உதவி பெறும் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். அதற்கு முன்பு ஆறு வருடம் கிளை நூலகத்தில். இரண்டும் சேர்த்து 22 வருடம் ஆகிறது. பயிற்சி வகுப்புகளில் பேசப் போகும்போது டீ குடிக்கிற இடைவேளையில் இளையவர்கள் வந்து கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன, நானும் நின்றபடியே பாதி பதில் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். அந்தப் பாதிப் பதில்களை இங்கே முழுசாக எழுதி வைக்கிறேன்.

சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. வேலை பிடிக்கவில்லை. விட்டுவிடலாமா?

இந்த எண்ணம் ஒருமுறையாவது வராத நூலகரை நான் பார்த்ததில்லை. இந்திய நூலக அறிவியலின் தந்தை என்கிறோமே, அந்த எஸ்.ஆர்.ரங்கநாதனுக்கே வந்தது. சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தார். எந்நேரமும் மாணவர்கள் நடுவில் இருந்த மனிதருக்கு ஆளே வராத நூலகத்தில் உட்கார்ந்திருப்பது சில நாட்களிலேயே தாங்கவில்லை. என்னைத் திரும்ப வகுப்புக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்று கல்லூரியில் போய்க் கேட்டார். லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வரட்டும், அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் பழைய இடம் அவருக்கே என்று முடிவானது. போனார். பெர்விக் சேயர்ஸ் என்ற ஆசிரியரிடம் பகுப்பாக்கம், அதாவது நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் முறை, படித்தார், நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் பார்த்தார். அங்கே குழந்தைகளும் தொழிலாளர்களும் பெண்களும் சாதாரணமாக உள்ளே வந்து போவதைப் பார்த்தார். 1925-ல் ஊர் திரும்பியவர் அப்புறம் கணக்கு வகுப்பைக் கேட்கவே இல்லை.

அதனால் ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் நாலைந்து நூலகங்களைப் போய்ப் பாருங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருங்கள். மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். பெரிய கட்டடம் மட்டும் போதாது. நன்றாக நடக்கிற சின்னக் கிளை நூலகம் ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள், ஏனென்றால் அங்கே உங்களுக்கு இருக்கிற அதே பணமும் அதே ஆள் பற்றாக்குறையும்தான் இருக்கும். பார்த்த பிறகும் மனசு ஒட்டவில்லை என்றால் தாராளமாக விடுங்கள். விருப்பமில்லாதவர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் கஷ்டம் வாசகருக்குத்தான்.

பயிற்சி என்று ஆயிரம் வருகிறது. எதற்குப் போவது என்று எப்படி முடிவு செய்வது?

எனக்குத் தெரிந்த ஒரே வழி, வாசகர் கேட்டு நம்மால் கொடுக்க முடியாமல் போனதை எழுதி வைப்பது. ஒரு நீள நோட்டு போதும். மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதைக் கொடுத்துவிட்டால் எழுத வேண்டாம், கொடுக்க முடியாததை மட்டும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் புரட்டினால் உங்களுக்கு என்ன தெரியவில்லை என்பது அதில் வரிசையாக நிற்கும். அந்த வரிசைதான் உங்கள் பாடத்திட்டம்.

இதைக் கண்டுபிடிக்கும் முன்னால் நான் பல வருடம் யார் கூப்பிட்டாலும் போனேன். முக்கால்வாசிப் பயிற்சியில் நான் ஏற்கெனவே தினமும் செய்கிற வேலையையே படம் போட்டுக் காட்டினார்கள். ஒரு முறை கடைசி நாள் குழுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போது, மூன்று நாள் பூட்டிக் கிடந்த ஆய்வுப் பகுதி வாசலில் ஒரு முதுகலை மாணவி மூன்று நாளும் வந்து பார்த்துவிட்டுப் போனதாக உதவியாளர் சொன்னார். அவள் என்ன கேட்க வந்தாள் என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. நோட்டு அந்த வாரம்தான் தொடங்கியது.

அந்த நோட்டில் என்னதான் எழுதுவீர்கள்? ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

ஐந்து கட்டம்: தேதி, கேட்டவர் யார், கேட்ட சொல் (அவர் வாயில் வந்தபடியே), நான் எங்கெல்லாம் தேடினேன், ஏன் கிடைக்கவில்லை. பெயர் எழுத மாட்டேன், 'பி.காம். இரண்டாம் ஆண்டு' என்பது போலத்தான் இருக்கும். யார் எதைத் தேடினார் என்பது அவருடைய சொந்த விஷயம், நோட்டு நாளைக்கு யார் கைக்கும் போகலாம்.

ஒரு பக்கத்தில் இருந்த மூன்று பதிவுகளைச் சொல்கிறேன். முதுகலை வரலாறு மாணவி ஒருத்தி தன் ஊர்க் கோயில் சுவரில் இருக்கிற கல்வெட்டு எந்தப் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது என்று கேட்டாள். தொல்லியல் துறையின் கல்வெட்டுத் தொகுதிகளும் ஆண்டறிக்கைகளும் எனக்குப் பெயரளவில் தெரியும், ஊரை வைத்து அதற்குள் தேடத் தெரியாது. வேதியியல் பேராசிரியர் ஒருவருக்கு ஓர் ஆய்விதழ்க் கட்டுரை வேண்டும், எங்களுக்குச் சந்தா இல்லை. அதைச் சட்டப்படி இலவசமாக வேறு எங்கே வைத்திருப்பார்கள் என்று தேடவும், கட்டுரையாளருக்கே ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்கவும் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. மூன்றாவது பதிவு: 'பி.ஏ. தமிழ் முதலாண்டு. ஔவையார் தனிப்பாடல். கணினியில் இல்லை என்று வந்தது. போய்விட்டாள்.'

இந்த மூன்றாவதுதான் என்னை ஆட்டிவிட்டது. அன்று சாயங்காலம் 894.8111 என்ற டூயி பகுப்பு எண் அடுக்குக்குப் போய்ப் பார்த்தேன், தமிழ்க் கவிதை அடுக்கு. ஔவையார் பெயரில் ஏழு புத்தகம் வரிசையாக இருந்தது. ஓபாக்கில், அதாவது வாசகர் தேடுகிற கணினிப் பட்டியலில், 'ஔவையார்' என்று அடித்தால் பூஜ்யம். பதிவை ஒவ்வொன்றாகத் திறந்து எழுத்தெழுத்தாக அழித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. தட்டச்சு செய்தவர் 'ஔ' என்ற ஓரெழுத்தை அடிக்காமல் 'ஒ' அடித்து, பக்கத்தில் 'ள' அடித்திருக்கிறார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், கணினிக்கு அது வேறு சொல். எத்தனை வருடமாக எத்தனை பிள்ளைகள் ஏழு புத்தகத்துக்கு முன்னால் நின்றுகொண்டு 'இல்லை' என்று படித்துவிட்டுத் திரும்பிப் போனார்களோ.

அடுத்த ஆறு மாதம் நான் எதைக் கற்க வேண்டும் என்பதை அந்த ஒற்றைப் பதிவு தீர்மானித்தது.

கம்ப்யூட்டர் பின்னணி இல்லை, வயது 45 தாண்டிவிட்டது. கோஹா மாதிரி மென்பொருளை இனி கற்க முடியுமா?

முடியும். நானும் அட்டைப் பட்டியல் காலத்துப் படிப்புதான். கோஹா நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊர் நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000-ல் வந்த இலவச நூலக மென்பொருள், அந்தப் பெயருக்கு மாவோரி மொழியில் அன்பளிப்பு என்று பொருள். உலகம் முழுக்க நூலகர்களே குறை சொல்லி, நூலகர்களே கேட்டு வளர்த்தது என்பதால் நம் வேலையின் ஓட்டம் அதில் இருக்கிறது. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் காணொளிகளில் கோஹாவுக்கென்று தனி வரிசை உண்டு, ஒவ்வொன்றும் சில நிமிடம்தான், பார்த்துக்கொண்டே கூடவே செய்து பழகலாம். நான் தினம் ஒன்று என்று மதியம் சாப்பிட்ட பிறகு பார்த்தேன்.

பொதுப் பயிற்சிகளில் சொல்லித் தராத, தமிழுக்கே உரிய சிக்கல்கள் சில இருக்கின்றன. உங்கள் பழைய பதிவுகள் யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் இருந்தால் புதிய மென்பொருளில் ஏற்றியதும் வெறும் குறியாகத் தெரியும், முதலில் எழுத்தை மாற்ற வேண்டும். யூனிகோடிலேயே 'கொ' என்பதை இரண்டு விதமாக உள்ளே வைக்கலாம், ஒற்றைக் குறியாகவும் ெ, ா என்று இரண்டாகப் பிரித்தும். கோஹாவில் சொல்லடைவு செய்கிற பகுதியை ஐசியு (யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் நிரல் தொகுப்பு) முறைக்கு அமைக்காவிட்டால் தமிழ்த் தேடல் ஒழுங்காக வராது. அமைத்துக் கொடுப்பவரிடம் முதல் நாளே இதைக் கேளுங்கள்.

அப்புறம் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாமல் இருக்க. ஔவையார் விஷயம் தெரிந்ததும் எல்லாப் பதிவையும் வெளியே எடுத்து, மார்க்எடிட் என்ற இலவசக் கருவியில் போட்டு, 'ஒள' என்று வருகிற இடத்தையெல்லாம் 'ஔ' என்று ஒரே மூச்சில் மாற்றிவிட்டேன். ஔவையார் சரியாகிவிட்டார். ஆனால் 'ஒளி' என்ற சொல்லுக்குள்ளும் அதே இரண்டெழுத்து இருக்கிறதே! ஒளியியல், ஒளிப்படம், ஒளிச்சேர்க்கை என்று இயற்பியலிலிருந்து தாவரவியல் வரை எல்லாத் தலைப்பும் உடைந்துபோனது. முந்தின நாள் காப்புப் பிரதி இருந்ததால் தப்பித்தேன். சரியான முறை, 'ள' மேல் கொம்போ கொக்கியோ புள்ளியோ இருந்தால் தொடாதே என்று விதி போட்டு, மாற்றும் முன்னால் கிடைத்த பட்டியலை ஒருமுறை கண்ணால் பார்ப்பது. பெரிய மாற்றம் எதுவானாலும் முதலில் இருபது பதிவில் செய்து பாருங்கள். காப்புப் பிரதி எடுக்காமல் எதையும் தொடாதீர்கள்.

ஆசிரியர் பெயர் இதைவிடப் பெரிய கடல். புதுமைப்பித்தன் என்று ஒரு பதிவு, சொ. விருத்தாசலம் என்று ஒன்று, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதம். எல்லாம் ஒரே ஆள் என்று பட்டியலுக்குச் சொல்லி வைப்பது நம் வேலை. ரா, இரா, ஆர் என்று முன்னெழுத்து மாறும், ஐயர் அய்யர் ஆவார், 'ஜெ' சில இடத்தில் 'செ' ஆகும். இதை எந்தக் கம்பெனிக்காரரும் வந்து சரிசெய்ய மாட்டார், ஏனென்றால் இதற்குத் தமிழும் தெரிய வேண்டும், பட்டியலாக்கமும் தெரிய வேண்டும். அந்த இரண்டும் தெரிந்த ஆள் அந்த வளாகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

எத்தனை சான்றிதழ் இருந்தால் நல்லது?

பதவி உயர்வுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகளின்படி கல்லூரி நூலகர் சம்பள லெவல் 10-லிருந்து 11-க்குப் போக முனைவர் பட்டம் இருந்தால் 4 வருடம், எம்ஃபில் இருந்தால் 5, இரண்டும் இல்லாவிட்டால் 6 வருடப் பணி. அதோடு 21 நாள் புத்தறிமுகப் பயிற்சியும், தானியக்கம், மின்னுருவாக்கம் சார்ந்து குறைந்தது 5 நாள் பயிற்சியும் வேண்டும். இதில் அலட்சியம் காட்டாதீர்கள். உரிய வருடத்தில் முடிக்காமல் விட்டுவிட்டுப் பிறகு சம்பள நிலுவைக்காக அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

அதற்கு மேல் சேர்ப்பதற்கு அர்த்தமில்லை. 2020 ஊரடங்கில் வினாடி வினா எழுதினால் சான்றிதழ், இணையவழி உரை கேட்டால் சான்றிதழ் என்று குவிந்தது. எனக்கு 40-க்கு மேல் வந்தது. அவற்றை நோட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நோட்டில் இருந்த ஒரு கேள்விக்கு விடை தந்தவை இரண்டே இரண்டு. அந்த இரண்டின் குறிப்புகளை இன்றும் எடுத்துப் பார்க்கிறேன்.

பிஎச்டி செய்யலாமா?

உங்களுக்கு ஒரு கேள்வி இருந்தால் செய்யுங்கள். நம் துறையில் '... மாவட்டக் கல்லூரிகளில் மின்வளப் பயன்பாடு: ஓர் ஆய்வு' என்று மாவட்டப் பெயரை மட்டும் மாற்றி எழுதிய ஆய்வேடுகள் ஏராளம், இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். வினாத்தாள் கொடுத்து, சதவீதம் போட்டு, முடிவுரை எழுதி ஐந்து வருடம் போய்விடும். உங்கள் நூலகத்து அனுபவத்திலிருந்தே தலைப்பை எடுங்கள். தமிழ்ப் பெயர்களுக்கு ஒழுங்கான பெயர்க் கோப்பு எப்படி அமைப்பது, தமிழ் வாசகர்கள் ஓபாக்கில் உண்மையில் என்ன சொல்லை அடிக்கிறார்கள், ரங்கநாதன் உருவாக்கிய கோலன் பகுப்பு முறையில் தமிழிலக்கியத்துக்கு இடம் கொடுத்த முறை டூயி முறையைவிட எங்கே பொருந்துகிறது என்று செய்ய வேண்டியது மலையாகக் கிடக்கிறது.

கட்டுரை வெளியிடுவதில் கவனம். இதழ் யுஜிசி-கேர் பட்டியலில், அதாவது யுஜிசி ஏற்றுக்கொண்ட ஆய்விதழ்களின் பட்டியலில், இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம், 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையே நிறுத்திக்கொள்வதாக யுஜிசி அறிவித்துவிட்டது. இனி இதழின் ஆசிரியர் குழுவில் யார் இருக்கிறார்கள், மதிப்பீடு எப்படி நடக்கிறது, பணம் எதற்குக் கேட்கிறார்கள் என்று நாமேதான் பார்க்க வேண்டும். கல்லூரியில் மற்ற துறை ஆசிரியர்களும் இதை உங்களிடம்தான் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நீங்களே போய்ச் சொல்லுங்கள், நம் வேலையில் இப்போது மதிப்புக் கூடுகிற இடம் இது.

நான் ஊர்ப்புற நூலகர். தனி ஆள். பயிற்சிக்குப் போனால் நூலகத்தைப் பூட்ட வேண்டும்.

உங்களுக்குத்தான் முதலில் பதில் எழுதியிருக்க வேண்டும். சிறப்புக் காலமுறை ஊதியத்தில், கதவு திறப்பது, கூட்டுவது, நாளிதழ் அடுக்குவது, கணக்கு எழுதுவது எல்லாம் ஒரே ஆள் செய்கிற இடத்தில் 'தொழில் வளர்ச்சி' என்று பேசுவது கேட்கவே கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஊதியம் உயர வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது, அதைச் சங்கம் வழியாகத் தொடர்ந்து கேட்கத்தான் வேண்டும், பயிற்சி அதற்கு மாற்று ஆகாது.

சான்றிதழ்ப் படிப்போடு நிற்பவர்கள் இளநிலை நூலக அறிவியலை அஞ்சல் வழியில் முடித்துவிடுங்கள். இக்னோவிலும் சென்னைப் பல்கலைக்கழகத் தொலைநிலைக் கல்வியிலும் நடத்துகிறார்கள். எங்கே சேர்ந்தாலும் அந்த வருடச் சேர்க்கைக்கு யுஜிசி அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். டிஎன்பிஎஸ்சி நூலகப் பணித் தேர்வு அறிவிப்பு வரும்போது கையில் பட்டம் இருக்க வேண்டும்.

ஊரை விட்டுப் போகாமலே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரைப் பற்றிய காகிதங்களைச் சேருங்கள். திருவிழா நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை, பழைய நாடக விளம்பரம், கிணறு வெட்டிய கணக்கு என்றாலும் சரி. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூலக அறிவியல் படித்தவர் இல்லை, விளம்பரப் பலகை எழுதுகிற தொழில் செய்தவர். அவர் வீட்டில் சேர்த்த புத்தகங்களும் நோட்டீசுகளும் பாட்டுப் புத்தகங்களும்தான் 1994-ல் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக உருவானது, இன்று உலகம் முழுவதிலிருந்தும் அதைத் தேடி வருகிறார்கள். ஒரு தகரப் பெட்டி, சில காகித உறைகள், உறை மேலே பென்சிலில் தேதியும் கொடுத்தவர் பெயரும். கிழிந்த தாளில் செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் பழுப்பேறித் தாளையும் தின்றுவிடும்.

வாசகர் வட்டம் பெயருக்கு இருந்தால் அதை உயிர்ப்பியுங்கள். பூட்ட வேண்டிய நாளில் இரண்டு மணி நேரம் உட்கார ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அங்கிருந்துதான் கிடைப்பார். முறைப்படி மாவட்ட நூலக அலுவலரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

'புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலைதானே' என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

வாயால் சொல்லாதீர்கள், தாளில் கொடுங்கள். நான் ஒவ்வொரு மாதமும் முதல்வருக்கு ஒரு பக்கம் அனுப்புகிறேன். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை இரவல் என்பது இரண்டு வரி. மீதி முழுக்க, இந்த மாதம் என்ன கேட்டார்கள், எதைக் கொடுக்க முடிந்தது, எதைக் கொடுக்க முடியவில்லை, அதற்கு என்ன வேண்டும் என்பதுதான். ஒரு வருடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வருடம் கொள்முதல் கூட்டத்தில் ஒரு துறைத்தலைவர் நூலகத்துக்கு எதற்கு இவ்வளவு பணம் என்று கேட்டபோது, முதல்வர் அந்தத் தாள்களின் கோப்பை எடுத்து மேசை மேல் வைத்தார். நான் பேசவே வேண்டியிருக்கவில்லை.

சேர்க்கைப் பணி, தேர்வு அறை, பேருந்து கட்டணம் வசூல் என்று எல்லா வேலைக்கும் நூலகரைக் கூப்பிடுகிற இடங்கள் உண்டு. நூலகம் மூடிக் கிடந்த மணி நேரத்தையும் அந்தத் தாளில் எழுதுங்கள். குறை சொல்கிற தொனியே வேண்டாம், மணி நேரத்தை மட்டும்.

நூலகர் புத்தகம் படிக்க வேண்டுமா? நேரமே இல்லையே.

எல்லாவற்றையும் யாராலும் படிக்க முடியாது. புதிதாக வரும் நூலை அடுக்குக்கு அனுப்பும் முன்னால் பத்து நிமிடம்: முன்னுரை, உள்ளடக்கம், நடுவில் ஏதாவது இரண்டு பக்கம், கடைசியில் சொல்லடைவு. இதை வழக்கமாக்கிக்கொண்டால் போதும். ரங்கநாதன் 1931-ல் எழுதிய ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அந்தப் பத்து நிமிடம் இல்லாமல் அந்த வாசகர் யார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஏஐ வந்துவிட்டது. இனி நூலகர் எதற்கு?

போன வருடம் ஒரு ஆய்வு மாணவி மேற்கோள் பட்டியலோடு வந்தாள், இந்தப் பன்னிரண்டு கட்டுரையும் எடுத்துத் தாருங்கள் மேடம் என்று. பட்டியல் பார்க்க அழகாக இருந்தது. ஆசிரியர், ஆண்டு, இதழ், பக்கம், டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் தரப்படும் தனி எண்) எல்லாம் இருந்தது. டிஓஐ எண்ணை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். ஐந்து திறக்கவே இல்லை. ஒன்று மீன்வளம் பற்றிய வேறு ஏதோ கட்டுரைக்குப் போனது. இதழின் பெயர் உண்மை, அந்த வருட இதழும் உண்மை, அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு கட்டுரை கிடையாது. எங்கே எடுத்தாய் என்று கேட்டேன், ஏஐ செயலியில் கேட்டதாகச் சொன்னாள். அவள் ஏமாற்ற நினைக்கவில்லை, இருக்கிறது என்றே நம்பிவிட்டாள். நாங்கள் இருவரும் உட்கார்ந்து மீதி ஆறையும் சரிபார்த்து, போன இடத்துக்கு வேறு நல்ல கட்டுரைகளைத் தேடி எடுக்க ஒரு மதியம் ஆனது.

இப்போது முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நூலக அறிமுக வகுப்பில் அரை மணி நேரம் இதற்கே ஒதுக்குகிறேன். ஒரு மேற்கோள் உண்மையா என்று கண்டுபிடிப்பது எப்படி என்று செய்து காட்டுகிறேன். அந்தச் செயலிகளை நானும் பயன்படுத்துகிறேன், தேடுசொற்களை யோசிக்க உதவுகிறது. நீங்களும் பழகுங்கள், பழகினால்தான் எங்கே தவறும் என்று சொல்லித் தர முடியும்.

எங்கள் கல்லூரி சுயநிதி. ஆய்விதழ் சந்தாவுக்குப் பணமே இல்லை.

2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் சுமார் 13,000 ஆய்விதழ்கள் வருகின்றன, ஆனால் மத்திய, மாநில அரசுகள் நடத்துகிற நிறுவனங்களுக்குத்தான். சுயநிதிக் கல்லூரிகள், யுஜிசியின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்ளிப்நெட் கல்லூரிகளுக்கு மின்னிதழ் தரும் என்-லிஸ்ட் திட்டத்தின் பக்கத்தில் தங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு சோத்கங்கா, ஐஐடி கரக்பூர் நடத்தும் தேசிய மின்னூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற தளம், பழந்தமிழ் நூல்களுக்கு மதுரைத் திட்டம் எல்லாம் இலவசம். பணம் இல்லாத நூலகத்தில் இவற்றுக்குள் தேடத் தெரிந்த ஆள் இருப்பதே பாதிச் சந்தா.

வருடத்துக்கு ஒருமுறை நம்மை நாமே எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஆகஸ்ட் 12, ரங்கநாதன் பிறந்த நாளாக நூலகர் தினம் கொண்டாடுகிறோம் அல்லவா, மாலை போட்டுப் பேச்சு முடிந்ததும் நான் நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தனியாக உட்காருவேன். போன வருடம் கொடுக்க முடியாதவற்றில் இன்று வந்தால் எவற்றைக் கொடுப்பேன் என்று பச்சை மையில் டிக் அடிப்பேன். டிக் விழாதவற்றை மூன்றாகப் பிரிப்பேன்: எனக்குத் தெரியாதது, நூலகத்தில் இல்லாதது, விதி தடுக்கிறது. முதல் வகைக்குப் பயிற்சி தேடுவேன், இரண்டாவது கொள்முதல் பட்டியலுக்குப் போகும், மூன்றாவது முதல்வருக்குக் கடிதமாகும். கல்வெட்டுக் கேள்விக்கு டிக் விழ நான்கு வருடம் ஆனது. அதற்குள் அந்த மாணவி படித்து முடித்துப் போய்விட்டாள், ஆனால் அவளுக்குப் பிறகு அதே துறையிலிருந்து ஆறேழு பேர் வந்துவிட்டார்கள்.

மாறுதலிலோ ஓய்விலோ போகும்போது அடுத்தவருக்கு என்ன விட்டுச் செல்ல வேண்டும்?

எனக்கு இந்தக் கேள்வி பிடிக்கும், யாரும் அதிகம் கேட்பதில்லை. நான் இந்தக் கல்லூரிக்கு வந்தபோது கையில் கிடைத்தது ஒரு சாவிக்கொத்தும் சேர்க்கைப் பதிவேடும்தான். எந்தச் சாவி எந்த பீரோ என்பதற்கே ஒரு வாரம் ஆனது. தனி அறையில் இருந்த நன்கொடை நூல்கள் யார் கொடுத்தவை, என்ன நிபந்தனையில் கொடுத்தார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை.

இப்போது ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். கடவுச்சொற்கள் மூடிய உறையில், முதல்வர் கையெழுத்தோடு. காப்புப் பிரதி எந்த வட்டில், எந்த நாளில் எடுப்பது. சந்தாக்கள் எந்த மாதம் முடிகின்றன. இருப்புச் சரிபார்ப்பில் காணாமல் போனவை, எந்த ஆண்டிலிருந்து. நன்கொடை நூல்களின் கடிதங்கள். கிழக்கு ஜன்னல் பக்கம் ஐப்பசியில் சாரல் அடிக்கும், கீழ் இரண்டு அடுக்கையும் அதற்கு முன்பே மாற்ற வேண்டும் என்பதுகூட எழுதியிருக்கிறேன். அதன் கீழே நோட்டுகள், இதுவரை பதினொன்று. கடைசி நோட்டில் டிக் விழாத பதிவுகளுக்கு நேரே ஒரு சின்னக் கொடி ஒட்டி வைத்திருக்கிறேன், அடுத்து வருகிறவர் முதல் வாரத்திலேயே அந்தப் பக்கங்களைத் திறக்கட்டும் என்று.